பட்டாளத்திலிருந்து வந்த 43 கடிதங்களும் ஒரு ஏ4 ஸ்கேனரும்

அப்பாவிடம் 43 கடிதங்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே ஆள் எழுதியவை. நாங்கள் மிலிட்டரி மாமா என்று கூப்பிட்ட அப்பாவின் சிநேகிதர், 1968-லிருந்து 1974 வரை பட்டாளத்திலிருந்து போட்டவை. பட்டாவும் சிட்டாவும் இருக்கிற ரெக்சின் பைக்குள்ளேயே இவையும் அந்துருண்டை வாசனையோடு கிடந்தன. இவற்றை நகல் எடுக்கத்தான் போன தை மாதம் ஒரு பிளாட்பெட் ஸ்கேனர், அதாவது கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து எடுக்கிற வகை, வாங்கினேன். நாலு மாதம் ஆகிறது. ரசீதையும் ஆதார் கார்டையும் ஸ்கேன் செய்ய எது நல்லது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மடித்து மடித்து இற்றுப்போன கடிதத்துக்கு எது சரிப்படும் என்று நான் தேடியபோது சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வாங்கியது ஏ4 அளவு, ஒல்லியான வகை. விலை ஐயாயிரத்துச் சொச்சம். தனியாகக் கரண்ட் வேண்டாம், லேப்டாப்பில் ஒயரைச் செருகினால் போதும். எங்கள் ஊர் வேலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மத்தியானம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வகை எனக்குத் தோதாக இருந்தது. கம்பெனிப் பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த விலைக்குக் கிடைக்கிறவற்றில் பெரும்பாலும் ஒரே வகை சென்சார்தான். விவரத்தில் சிஐஎஸ் என்று போட்டிருக்கும். நான் சொல்லப்போகும் நல்லது கெட்டது இரண்டும் அந்த வகைக்கே உரியவை.

கடையில் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துத் தருவார்களே என்று கேட்கலாம். பத்து வருஷத்துக்கு முன் அப்படித்தான் செய்தேன். மூன்று கடிதங்களை ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான், "கிழியற மாதிரி இருக்கும்மா, லேமினேஷன் போட்டுடறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு அந்த மூன்றும் பழுப்பேறி, நடுவில் குமிழ் குமிழாகக் கிளம்பி நிற்கின்றன. லேமினேஷன் என்பது பிளாஸ்டிக்கைச் சூட்டில் இளக்கித் தாளோடு ஒட்டவைக்கிற வேலை. ஒட்டினது ஒட்டினதுதான், வீட்டில் பிரிக்கப் போனால் தாளும் சேர்ந்து வரும். அன்றிலிருந்து அப்பா அந்தப் பையை வாசற்படி தாண்ட விடவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கடிதம் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்றால் மெஷின் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

போனில் எடுத்தும் பார்த்தேன். ஸ்கேன் ஆப்கள் பில்லுக்கும் சர்டிபிகேட்டுக்கும் செய்யப்பட்டவை. தாளை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்குவதுதான் அவற்றின் குறி. இன்லேண்டு லெட்டரின் நீலம் போய்விட்டது. பென்சிலில் எழுதியிருந்ததை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிட்டது. தபால் முத்திரை பாதிதான் வந்தது. போனில்தான் எடுப்பேன் என்றால் ஆப்பே வேண்டாம், சாதாரண கேமராவில், ஜன்னல் ஓரத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். மடிப்பில் விட்டுப்போய் நாலு துண்டாக நிற்கிற கடிதங்களை நானும் அப்படித்தான் எடுத்தேன். அவற்றைக் கண்ணாடி மேல் கவிழ்க்க மனம் வரவில்லை.

இனி மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. மாமா சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரில் பயிற்சி. பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். முதல் கடிதத்திலேயே அதைப் பெருமையாக எழுதியிருக்கிறார்: இந்திக்காரன், பஞ்சாபி, எல்லாரும் தன்னைத் தம்பி என்கிறார்கள், ஊரில் தன்னைவிடச் சின்னவன்கூட அப்படிக் கூப்பிட முடியாதே என்று.

அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அம்மாவுக்குப் போடும் கடிதத்தையும் அப்பாதான் போய்ப் படித்துக் காட்டுவார். ஆக ஒரே தேதியில் இரண்டு கடிதம் வரும். அம்மாவுக்கு வந்ததில் நலம், நல்ல சாப்பாடு, தனக்கு ஸ்டோர் பக்கம் வேலை, பயம் ஒன்றும் இல்லை என்று இருக்கும். அப்பாவுக்கு வந்ததில் நடந்தது இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு ஒன்றை மட்டும் சத்தமாகப் படிக்க வேண்டியது அப்பா வேலை. "அந்தக் கிழவி முகத்தைப் பார்த்துக்கிட்டே படிக்கணும், கண்ணு. குரல் மாறிடக் கூடாது" என்று இந்த ஸ்கேன் வேலை நடந்தபோதுதான் என்னிடம் சொன்னார். அதற்கு முன் ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மாவுக்கு வந்த கடிதங்கள் இப்போது இல்லை. கூரை மாற்றும்போது போய்விட்டன. சிநேகிதனுக்கு வந்தவை மட்டும்தான் மிச்சம்.

1971 டிசம்பர் 3-ஆம் தேதி மாலை பாகிஸ்தானோடு சண்டை ஆரம்பமானபோது மாமா மேற்கு எல்லையில் இருந்தார். எந்த ஊர் என்று எழுதக்கூடாது. முகவரியில் நம்பர், பதவி, பெயர், யூனிட், அப்புறம் கேர் ஆஃப் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவுதான். காஷ்மீரில் இருந்தாலும் பஞ்சாபில் இருந்தாலும் அதே 56 ஏபிஓதான். "இங்கே ஒரு ஆறு" என்று மட்டும் இருக்கிறது. அந்த ஆறு பாகிஸ்தானுக்குள் இருக்கும் ஷகர்கர் பக்கத்துப் பசந்தர் என்பது அவர் லீவில் வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் அப்பாவுக்குத் தெரியும். டிசம்பர் 15, 16 தேதிகளில் நடந்த அந்தச் சண்டைக்காக இரண்டு பேருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அருண் கேத்தர்பால் பெயர் எல்லாருக்கும் தெரியும், ஹோஷியார் சிங் பெயரும் தெரிந்திருக்கலாம். நம் டாங்கிகள் ஆற்றைத் தாண்டிப் போக வழி செய்தவர்கள் சாப்பர்கள். இருட்டில், கண்ணிவெடி வயலுக்குள், தரையைத் தடவித் தடவிப் போய், எடுத்த இடத்துக்கு வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். டாங்கிக்கு வைத்த பெரிய வெடி மனிதன் மிதித்தால் வெடிக்காது. ஆனால் அதன் பக்கத்திலேயே மனிதனுக்கென்று சின்ன வெடி இருக்கும். கம்பியை நேராகக் குத்தக்கூடாது, சாய்வாகச் செருகிப் பார்க்க வேண்டும். மாமா இதை அப்பாவுக்கு எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா? வரப்பில் நண்டு வளைக்குக் குச்சி விடுவோமே, அதே கை, அதே சாய்வு என்று. படித்துக்கொண்டிருந்த அப்பா கையைத் தூக்கி, இல்லாத குச்சியைச் சாய்வாகப் பிடித்துக் காட்டினார். 79 வயதிலும் அந்த மணிக்கட்டு மறக்கவில்லை.

சரி, ஸ்கேனருக்கு வருகிறேன்.

இன்லேண்டு லெட்டர் பிரித்தால் ஏ4 கண்ணாடிக்குள் அடங்கிவிடும். அளவில் பிரச்சினை இல்லை. பிரச்சினை மடிப்பில். சிஐஎஸ் சென்சார் கண்ணாடியை ஒட்டி இருப்பதைத்தான் கூர்மையாகப் பார்க்கும். தாள் இரண்டு மில்லிமீட்டர் எழும்பி நின்றால் அந்த வரி மங்கிவிடும். ஐம்பது வருஷம் மூன்றாக மடிந்தே இருந்த தாள் சொன்னவுடன் படுக்காது. மூடியை அழுத்தினால் படுக்கும், ஆனால் மடிப்பில் கீறல் விழும். முதல் நாள் ஒன்றில் அப்படி விழுந்துவிட்டது, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு ஒரு வழி செய்தேன். எடுக்கப்போகும் கடிதங்களை முதல் நாளே பிரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே தினசரிக் காலண்டர் அட்டையும் இரண்டு புத்தகமும் ஏற்றிவிடுவேன். மறுநாள் முக்கால்வாசி படுத்துவிடும். மூடிக்கும் தாளுக்கும் நடுவில் நாலாக மடித்த மெல்லிய துண்டு ஒன்று. அது மெத்தென்று ஒரே சீராக அழுத்தும். சிசிடி என்று இன்னொரு வகை ஸ்கேனர் இருக்கிறது, எழும்பி நிற்கிற மடிப்பையும் தெளிவாக எடுக்கும். ஆனால் கனம், விலை இரண்டும் அதிகம், கரண்டும் தனியாக வேண்டும். நூற்றுக்கணக்கில் கடிதம் இருந்தால் அதைப் பாருங்கள். நாற்பதுக்கு இது போதும்.

இன்லேண்டு தாள் மெல்லிசு, இருபுறமும் எழுதியிருந்தால் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். ஸ்கேனர் மூடியின் உள்பக்கம் வெள்ளை, அது வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் இன்னும் கூடுதலாகத் தெரியும். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் அட்டை வையுங்கள். படம் கொஞ்சம் இருண்டு வரும், ஆனால் பின்பக்க எழுத்து அடங்கிவிடும். எங்கள் தெருமுனைக் கடையில் சார்ட் அட்டை பத்து ரூபாய். இந்த வேலையில் நான் செலவழித்ததில் அந்தப் பத்து ரூபாய்க்குத்தான் பலன் அதிகம்.

எழுத்துக்கு மட்டும் என்றால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். நான் 600 வைத்தேன், காரணம் முத்திரைகள். சுருக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு முழு ஏ4 பக்கம் கிட்டத்தட்ட 100 எம்பி வரும். லேப்டாப் மூச்சுத் திணறும். இருந்தாலும் ஒரு முறைதானே எடுக்கப்போகிறோம் என்று எடுத்தேன். யாருக்காவது அனுப்ப ஜேபெக் தனியாகச் செய்துகொள்ளலாம்.

600 வைத்ததற்கு ஒரு கைமேல் பலன் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

1971 டிசம்பரில் வந்த கடிதம் ஒன்று. சண்டை நிறுத்தம் 17-ஆம் தேதி இரவு 8 மணிக்கு. அதற்கு ஓரிரு நாள் கழித்து எழுதியதாக இருக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனா. குளிரில் பேனா மை இறுகிவிடுகிறது, பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி நாலு வார்த்தை, மறுபடி சூடேற்றி நாலு வார்த்தை என்று அதிலேயே எழுதியிருக்கிறார். பார்த்தாலே தெரியும், எழுத்து விட்டு விட்டு ஓடும். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி அளவுக்கு வெறும் இடம். அப்பா அதை வெறும் இடம் என்றே ஐம்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த இடத்தில் தாள் சொரசொரவென்று இருந்தது. மற்ற இடத்தில் அப்படி இல்லை. கடிதத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுத்தேன். இந்த ஸ்கேனரில் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கும். தாளைத் திருப்பினால் பள்ளத்தின் நிழல் வேறு பக்கம் விழும். கறுப்பு வெள்ளையாக்கி மாறுபாட்டை ஏற்றினேன். மை வராத பேனா தாளில் கீறிய தடம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. அழுத்தி எழுதுகிற ஆள், நல்ல வேளை. முதலில் 'கிண' என்று ஒரு துண்டு. அப்புறம் 'படி'. நான் கணக்கு, படிப்பு என்று ஏதோ யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் முகத்தை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். "கிணத்துல எத்தினி படி தண்ணி இருக்குது எழுது" என்று படித்தார்.

இரண்டு பேரும் நீச்சல் பழகிய கிணறு அது. கல் படி வைத்தது. எத்தனை படி வெளியே தெரிகிறது என்று பார்த்துத்தான் அந்த வருஷம் நெல்லா, வேர்க்கடலையா என்று முடிவு செய்வார்கள்.

அப்பா எழுந்து போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "அந்த மார்கழில ஏழு படி வெளிய தெரிஞ்சுது. ஏழோ எட்டோ. நான் எழுதலையே அவனுக்கு" என்றார். பிறகு அன்று வேறு எதுவும் ஸ்கேன் செய்யவில்லை.

இந்த வசதியைப் பெட்டியில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். உங்களிடம் மங்கிய கடிதம் இருந்தால் ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை பக்கவாட்டிலும் வைத்து எடுத்துப் பாருங்கள்.

தேதி இல்லாத கடிதங்கள் ஒன்பது இருந்தன. வரிசைப்படுத்த முத்திரைகள்தான் உதவின. ராணுவத் தபாலில் ஊர்ப் பெயருக்குப் பதில் எஃப்பிஓ, அதாவது களத் தபால் நிலையத்தின் நம்பர் இருக்கும், தேதி தெளிவாக விழுந்திருந்தால் வேலை முடிந்தது. விழாதவற்றுக்கு வேறு தடயம் தேடினோம். லீவு முடிந்து திரும்பும் வழியில் ஏதோ ஸ்டேஷனில் சாதாரணத் தபாலில் போட்ட ஒன்றில், சிவப்பில் 5 பைசா அகதி நிவாரண ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. வங்காள அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் வரை வாங்கிய கூடுதல் கட்டணம் அது. இன்னொன்றில் எங்கள் ஊர் முகவரிக்குக் கீழே ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல்தான், ஆக அது அதற்குப் பிந்தியது. அந்தக் கடிதத்தில் மாமா இன்னும் அதே வயல்களில்தான் இருக்கிறார். சண்டை முடிந்து எட்டு மாதம் ஆகியும் வெடி எடுக்கிற வேலை முடியவில்லை. கோதுமை வயல், ஓரத்தில் இலந்தை மரம், ஆனால் ஒரு மாடுகூட மேயவில்லை, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஷகர்கர் பகுதியிலிருந்து நம் படை திரும்பி வந்தது அந்த டிசம்பரில்தான்.

கூட வந்த சாஃப்ட்வேரில் எழுத்தை அடையாளம் கண்டு டைப் செய்து தரும் வசதி உண்டு. கையெழுத்துத் தமிழுக்கு அதை நம்பி வாங்காதீர்கள். அதிலும் இவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. துதிக்கை வைத்த பழைய லை, ணை, சுழித்த றா, னா எல்லாம் இருக்கும். எனக்கே இரண்டு இடத்தில் தடுமாறியது. அப்பா வாசிக்க வாசிக்க நான் டைப் செய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அது நல்லதாகவே போயிற்று. மெஷின் செய்து தந்திருந்தால் அந்தக் கிழவி முகத்தைப் பற்றி அப்பா என்னிடம் சொல்லியிருக்கவே மாட்டார்.

எடுத்த பிறகு கடிதங்களை எதில் வைப்பது? கடையில் கிடைக்கும் பளபளப்பான பிவிசி உறை வேண்டாம். நாளாவட்டத்தில் அது மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள், மைலார் என்றால் சில இடத்தில் புரியும். குண்டூசி குத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்னும். செல்லோடேப் எக்காரணம் கொண்டும் கூடாது. ராமபாணப் பூச்சி ஏற்கெனவே இரண்டில் ஓரத்தைத் தின்றிருந்தது. இப்போது எல்லாம் அட்டைப் பெட்டியில், அலமாரியின் நடுத்தட்டில் இருக்கின்றன. ரெக்சின் பையை அப்பா பட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

லேமினேட் ஆன மூன்றும் பரவாயில்லாமல் வந்தன, குமிழ் இருக்கிற இடம் தவிர. ஒன்றை மட்டும் அப்பா கண்ணாடி மேல் வைக்க விடவில்லை. 1972 ஜனவரி. படித்தார், மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது அவன் எனக்குன்னு எழுதினது" என்றார். நான் கேட்கவில்லை. ஆக என் கணினியில் இருப்பது 42.

வாங்கலாமா என்றால், கட்டாயம் வாங்கலாம். பக்கத்துக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். கண்ணாடியில் தூசி சீக்கிரம் படிகிறது, ஒவ்வொரு பத்துக் கடிதத்துக்கும் துடைத்தேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை மார்க் மடிப்பு மங்குவதற்காக.

மாமா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஓசூரில் இருக்கும் அவர் மகளுக்கு எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, அப்பா வெடி எடுத்தார் என்பதே எனக்குத் தெரியாது அக்கா, ஸ்டோரில் இருந்தேன் என்றுதான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். அப்புறம், அவர் டிரங்குப் பெட்டியின் அடியில், டிஸ்சார்ஜ் புக்குக்குள் இரண்டு இன்லேண்டு லெட்டர் மடித்திருக்கிறது, எழுத்து உங்க அப்பா எழுத்து மாதிரி இருக்கிறது என்றாள். ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறாள். ஸ்கேனரை நான் சென்னைக்குத் திரும்ப எடுத்துப் போகவில்லை, அப்பா கட்டிலுக்குக் கீழேயே இருக்கிறது. கிணற்றைப் பற்றி ஏதாவது எழுதினேனா பார் என்று அப்பா இதுவரை இரண்டு தடவை கேட்டுவிட்டார்.